அவரவர்க்கு உரிய நூல்

நுழையும்முன்

நூலகத்திற்குச் செல்பவர் எல்லாரும் தமக்கு வேண்டிய நூலின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "நல்லதா ஒரு புத்தகம் குடுங்க" என்று கேட்போரே மிகுதி. அந்த 'நல்லது' எது? கேட்பவருக்கு நல்லதா, கொடுப்பவருக்கு நல்லதா? பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பகுதியில், ஊர்ப்புற நூலகம் ஒன்றில் பணியாற்றும் பெண் ஒருவர் இவ்வினாவுக்கு விடை தேடிய கதையைக் கூறுகிறது இப்பாடம்.

தறியிலிருந்து நூலகத்திற்கு

ஏனாத்தூர், காஞ்சிபுரம் நகரை ஒட்டிய ஊர். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று அங்கே அமைந்திருப்பதால் காலை வேளையில் சாலையெங்கும் மாணவர் கூட்டம் தென்படும். அதே சாலையில், சாயமேற்றிய பட்டு நூலை வண்டியில் வைத்துக்கொண்டு தறி வீடுகளுக்குச் செல்வோரும் உண்டு. கல்வியும் நெசவும் காஞ்சிக்குப் புதியவை அல்ல. கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், கல்வி கற்பதற்காகக் காஞ்சியின் கடிகைக்கு வந்த செய்தியைக் கருநாடகத்தின் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. மணிமேகலை தன் அறவாழ்வின் நிறைவைத் தேடி வந்தடைந்த ஊரும் காஞ்சியே. இழையையும் ஏட்டையும் 'நூல்' என்னும் ஒரே சொல்லால் வழங்கும் தமிழுக்கு, இவ்விரண்டும் ஒருங்கே வாழும் இந்நிலம் மிகவும் பொருத்தமானது.

நூலகப் பணியாளரான அப்பெண் பிறந்தது நெசவாளர் குடும்பத்தில். அவருடைய தந்தை கோர்வைப் புடவை நெய்பவர். புடவையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்க வேண்டுமானால், உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகளுக்குத் தனித்தனி நாடாக்களும் ஓட வேண்டும்; உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரே செய்து முடிக்க இயலாத அவ்வேலையில், தறியின் ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவதற்குத் துணையாள் ஒருவர் தேவை. பள்ளி விடுமுறை நாள்களில் அந்தத் துணையாள் இவரே. ஒரு கை நாடாவைத் தள்ள, மறு கையருகே தரையில் நூலகப் புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கும். தந்தை அடுத்த ஓட்டத்திற்கு ஆயத்தமாகும் இடைவெளியில் இரண்டு வரி, மூன்று வரி என்று படித்தே கல்கியின் 'சிவகாமியின் சபதம்' முழுவதையும் முடித்தார். தாம் அமர்ந்திருக்கும் இதே காஞ்சியில் மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் நடமாடியதைப் படித்தபோது, தறிக்குழி இருந்த அந்தச் சிறிய அறை ஓர் அரண்மனை முற்றமாக விரிந்தது.

பட்டப்படிப்பையும் நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பையும் முடித்து ஊர்ப்புற நூலகப் பணியில் சேர்ந்தபோது, தாம் பெற்ற அவ்வின்பத்தை ஊர் முழுவதற்கும் வழங்க வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் நிறைந்திருந்தது. ஆகவே, எவர் வந்து கேட்டாலும் கல்கி. கல்கியைப் படித்துவிட்டேன் என்றால் சாண்டில்யன். வரலாற்றுப் புதினம் வேண்டாம் என்போருக்கு, 'தரமான இலக்கியம்' என்று அவர் கருதிய நாலைந்து நூல்கள். விலை மலிந்த துப்பறியும் கதைகளையும் குடும்பக் கதைகளையும் கண்ணில் படாத கீழ் அடுக்கில் வைத்தார். வருவோரின் சுவையை உயர்த்துவதே தம் பணி என்பது அன்றைய அவருடைய நம்பிக்கை.

திரும்பி வந்த புத்தகம்

பணியில் சேர்ந்த முதலாண்டில், எழுபது வயதைக் கடந்த நெசவாளர் ஒருவர் நூலகத்திற்கு வரத் தொடங்கினார். நெடுங்காலம் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்ததனால் முதுகு வளைந்திருந்தது. மகன் தறியை ஏற்றுக்கொண்ட பிறகும், சிக்கலான வேலைப்பாடு வந்தால் அவர்தாம் அமர வேண்டும். மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நூலகத்திற்கு வந்து, நாளிதழைப் புரட்டிவிட்டுச் செல்வார். ஒருநாள் தயங்கியபடி மேசையருகே வந்து, "துப்பறியும் கதை ஏதாச்சும் இருக்காம்மா? சின்னதா இருந்தாப் போதும்" என்று கேட்டார்.

கீழ் அடுக்கில் அத்தகைய கதைகள் இருந்தன. ஆயினும் பணியாளரின் கை அங்கே செல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் தறியில் உழைத்த ஒருவருக்கு, அவருடைய வாழ்வையே பேசும் நூலைத் தருவதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியது. கைத்தறி நெசவாளரின் துயரைச் சொல்லும் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' என்னும் புதினத்தை எடுத்தார். 1953ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் சிறப்பை விரிவாக எடுத்துரைத்து, "இது உங்களைப் பத்தின கதைங்க ஐயா" என்று சொல்லிக் கொடுத்தார். முதியவர் மறுத்துப் பேசவில்லை, வாங்கிச் சென்றார்.

அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்தது. முன்பகுதியில் ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. அதற்கப்பால் அவர் செல்லவில்லை என்பது தெரிந்தது. "பிடிக்கலீங்களா?" என்ற கேள்விக்கு, அவர் கோபமின்றியே விடை சொன்னார்:

"புத்தகம் நல்லாத்தான் இருக்கும்மா. நான் தறியிலேருந்து இறங்கித்தானே இங்க வரேன்? நீ மறுபடியும் தறியிலயே ஏத்தி உட்டுட்டியே."

அன்றைக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், பருவமழைக்காலம் முழுவதும் அவர் அமரும் நாற்காலி வேறு யாராவது வந்து அமரும்வரை காலியாகவே கிடந்தது. நூலகப் பதிவேட்டில் ஓர் உறுப்பினர் குறைந்துவிட்டதாகக் காட்டுவதற்கு எந்தக் கட்டமும் இல்லை. ஆனால், தாம் தந்த ஒரு நல்ல புத்தகமே ஒரு வாசகரை நூலகத்திலிருந்து வெளியேற்றிவிட்டது என்பது பணியாளருக்குப் புரிந்தது. அவருடைய கற்றல் அந்த நாளில்தான் தொடங்கியது.

ஆசிரியர் நூலகரான கதை

நூலகத்தில் சேர்ந்த பின்னரே நூலகப் பணியைக் கற்றவர்களில் முதன்மையானவர், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இரா. அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு பிறந்த அவர், கணிதப் பேராசிரியராகப் பணியாற்றி வந்தார். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகிய அவருக்கு, வாசகர் அதிகம் வராத நூலகத்தின் தனிமை தாங்க முடியாததாக இருந்தது. சில நாள்களிலேயே பழைய பணிக்குத் திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்னும் ஏற்பாட்டின்பேரில் இங்கிலாந்து சென்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர், குரொய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ். பாடத்தைவிட மிகுதியாக, அந்நாட்டின் நூலகங்களே அரங்கநாதனுக்குக் கற்பித்தன. குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் உரிமையோடு வந்துசெல்லும் நூலகங்களை அவர் கண்டார். பூட்டிக் காக்கப்படும் பொருளாக இருந்த புத்தகம், அங்கே மக்களின் அன்றாடப் பயன்பாட்டுக்குரியதாக இருந்தது.

1925ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அரங்கநாதன், பழைய கல்லூரிப் பணியை நாடவில்லை. வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். 1931இல் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதும், வாசகரின் காலம் வீணாகக் கூடாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பதும் அவ்விதிகளின் சாரம்.

இவ்விதிகளை ஏனாத்தூர்ப் பணியாளர் சான்றிதழ்ப் படிப்பின்போது மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர்தாம். ஆனால், முதியவரின் நாற்காலி வெறுமையான பிறகு மீண்டும் படித்தபோது இரண்டாம் விதி வேறொரு பொருளை உணர்த்தியது. ஒவ்வொரு வாசகருக்கும் 'அவருடைய' நூல் என்கிறது அவ்விதி. நூலகருக்குப் பிடித்த நூல் என்று சொல்லவில்லை.

மற்றோர் உண்மையும் அப்போது அவருக்கு உறைத்தது. அரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துப் பெற வழிசெய்தது. அந்த முதியவரின் சிறிய தறி வீட்டிலிருந்தும் அவ்வரி செல்கிறது. கீழ் அடுக்கில் ஒளித்துவைக்கப்பட்ட துப்பறியும் கதைகளும் அவர் போன்றோர் செலுத்திய பணத்தில் வாங்கப்பட்டவையே. அவர் கேட்டது சலுகை அன்று, உரிமை.

தெரிந்து தெளிவோம்

நூலகத்தைத் தேடி வர இயலாதவரிடம் நூலகமே செல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு, 1931ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பட்டது. புத்தகங்கள் அடுக்கிய வண்டி சிற்றூர்களுக்குச் சென்று நூல்களை வழங்கியது. நூலகச் சட்டமும் ஊர்ப்புற நூலகங்களும் வருவதற்கு முன்பே தமிழகத்தில் நிகழ்ந்த முன்முயற்சி இது. அரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்டு 12, தேசிய நூலகர் நாளாகும்.

நூலுக்கு ஓர் இடம், தேவைக்குப் பல வழி

நூலகத்தில் ஒரு புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். அமெரிக்க நாட்டின் மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டு வெளியிட்ட தசமப் பகுப்புமுறையில், துணி உற்பத்தித் தொழில்நுட்பத்திற்கு 677. நெசவுக் கலைக்கும் பின்னல் வேலைப்பாட்டிற்கும் 746. தமிழ் இலக்கியத்திற்கு 894.811, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82. 'நெசவு பற்றிப் படிக்க வேண்டும்' என்று கேட்கும் ஒருவருக்குரிய நூல்கள் இவ்வாறு நூலகத்தின் நான்கு மூலைகளில் நிற்கும். தொழில்நுட்ப நூல் ஓரிடத்திலும், நெசவாளர் வாழ்வைப் பேசும் புதினம் ஓரிடத்திலும், சோழர் பல்லவர் கால வணிகத்தைப் பேசும் வரலாறு ஓரிடத்திலும் இருக்கும். அடுக்குகளுக்கிடையே உள்ள இத்தொலைவைக் கடந்து நூலையும் வாசகரையும் இணைப்பதற்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

ஒரு பொருளைப் பல முகங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்பதை அரங்கநாதனும் வலியுறுத்தினார். அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளை இணைத்து எண் அமைக்கும் முறையாகும். எதைப் பற்றியது, எப்பொருளாலானது, என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்று ஐந்து கோணங்களில் அது வினவுகிறது.

இத்தகைய வினவலின் பயனை ஏனாத்தூர்ப் பணியாளர் ஓர் இளைஞரிடமிருந்து நேரடியாக அறிந்துகொண்டார். புடவைக் கரைக்கான வேலைப்பாடுகளைக் கட்டத்தாளில் வரைந்து தரும் அவ்விளைஞர், "டிசைன் புக் இருக்குங்களா?" என்று கேட்டு வந்தார். நெசவு வரிசையில் அவருக்கு ஏற்ற நூல் எதுவும் இல்லை. முன்பாயிருந்தால் 'இல்லை' என்னும் ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்திருக்கும். இப்போது, "என்ன வரையப் போறீங்க?" என்று கேட்டார். யாளியும் அன்னமும் எல்லாரும் வரைகின்றனர். புதிதாக ஏதாவது வேண்டும் என்பது விடை. பணியாளர் கோயிற்சிற்பங்கள் பற்றிய நூல் ஒன்றைக் கலை வரிசையிலிருந்தும், பறவைகளைப் பற்றிய படநூல் ஒன்றை அறிவியல் வரிசையிலிருந்தும், குழந்தைகளுக்கான தாவர நூல் ஒன்றைச் சிறுவர் பகுதியிலிருந்தும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். இளைஞர் முதலில் எடுத்தது சிறுவர் நூலைத்தான். அதிலிருந்த கொடியின் சுருளை அன்று மாலைவரை அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார்.

நான்கு வாயில்கள்

வாசகருடன் நூலகர் உரையாடுவதே ஒரு தனிக் கலை என்பதை உலகம் நெடுநாள்களாகவே பேசிவருகிறது. அமெரிக்காவின் ஊஸ்டர் நகர நூலகரான சாமுவேல் கிரீன், 1876ஆம் ஆண்டிலேயே நூலகரும் வாசகரும் கொள்ள வேண்டிய நட்புறவைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்நாட்டு நூலகரான நான்சி பேர்ல், வாசகர் ஒரு கதைக்குள் நுழையும் வாயில்கள் நான்கு என்கிறார். கதையோட்டம், கதைமாந்தர், களம், மொழி என்பவை அவை. ஒருவர் விரைந்தோடும் நிகழ்ச்சிகளுக்காகப் படிக்கிறார். மற்றொருவர் மறக்கவியலாத மாந்தருக்காகப் படிக்கிறார். மூன்றாமவர் காணாத ஊரில் வாழ்ந்து பார்ப்பதற்காகப் படிக்கிறார். நான்காமவர் சொற்களின் அழகுக்காகப் படிக்கிறார். ஒரே நூலை நால்வரும் விரும்பலாம். ஆனால், நால்வருக்கும் அடுத்துத் தர வேண்டிய நூல் ஒன்றாக இராது.

மாவட்ட மைய நூலகத்தின் மூத்த நூலகர் ஒருவரிடம் முதியவரின் கதையைப் பணியாளர் சொன்னபோது, அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவரு கடைசியா ரசிச்சுப் படிச்ச புத்தகம் எதுன்னு கேட்டீங்களாம்மா?" கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதன்பின் பணியாளர் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். அதில் நூல்களின் பெயருக்கு முன்பாக, வாசகர் சொன்ன சொற்களையே எழுதினார். 'பொன்னியின் செல்வன் மாதிரி வேண்டும்' என்று மூன்று மாணவியர் ஒரே வாரத்தில் கேட்டனர். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து இன்றுவரை படிக்கப்படும் அப்புதினத்தில் எது பிடித்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டார். முதல் மாணவிக்கு வந்தியத்தேவன் ஒவ்வொரு முறையும் எப்படித் தப்பிக்கிறான் என்பதில் ஆர்வம்; அவருக்குத் துப்பறியும் புதினம் ஒன்று பொருந்தியது. இரண்டாமவருக்கு வீரநாராயண ஏரி முதல் இலங்கை வரை செல்லும் பயணத்தில் விருப்பம்; அவருக்கு ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்'. மூன்றாமவருக்கோ, இராசராசன் உண்மையில் யார் என்று அறிய வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது கதையே அன்று, சோழர் வரலாறு. கேட்ட சொல் ஒன்று. சென்ற வழிகள் மூன்று.

'கதைன்னாலே பிடிக்காது' என்று ஒதுங்கி நின்ற மாணவன் ஒருவன், நண்பனுக்குத் துணையாக மட்டும் நூலகம் வந்துகொண்டிருந்தான். அவனிடம் புத்தகத்தைப் பற்றிப் பணியாளர் பேசவே இல்லை. கையிலிருந்த பழுதான கைப்பேசியைப் பற்றிக் கேட்டார். அதைப் பிரித்துப் பார்த்த கதையை அவன் சொல்லி முடித்த பின், வாசகர் வினாக்களுக்குச் சுஜாதா அறிவியல் விடை சொல்லும் 'ஏன்? எதற்கு? எப்படி?' நூலை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கச் சென்றார். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத நூல் அது. அவன் நடுவில் திறந்தான், நின்றபடியே படித்தான், நூலகம் மூடும் நேரத்தில் உறுப்பினர் அட்டைக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

விரும்பாத வகையை விரும்பிப் படித்தல்

கேட்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதவில்லை. கேட்டதைப் புரிந்துகொள்ளப் பிறர் விரும்பும் வகைகளைத் தாமும் படித்திருக்க வேண்டும். பணியாளர் மாதந்தோறும் தமக்குப் பழக்கமில்லாத ஒரு வகையில் ஒரு நூலைப் படிப்பது என்று முடிவு செய்தார். முதலில் எடுத்தது கீழ் அடுக்கின் துப்பறியும் கதைகளையே.

அவற்றை ஏளனமாகக் கருதிய தமக்கு, அவற்றின் வரலாறுகூடத் தெரியாது என்பது அவருக்கு வியப்பளித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் புதினங்களால் பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்தனர். தேவன் படைத்த துப்பறியும் சாம்பு நகைச்சுவையோடு துப்பறிந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். நாளிதழைத் தாண்டி எதையும் படித்திராத பலரின் கைகளில் முதன்முதலாகப் புத்தகத்தைக் கொண்டுசேர்த்தவை இக்கதைகளே.

ஓர் இரவு அத்தகைய கதை ஒன்றைக் கீழே வைக்க மனமின்றிப் படித்து முடித்தபோது, முதியவர் கேட்டது என்ன என்பது அவருக்கு விளங்கியது. அக்கதையில் ஒரு குழப்பம் எழுகிறது, தடயங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன, இறுதிப் பக்கத்தில் குற்றவாளி பிடிபடுகிறான், நீதி நிலைபெறுகிறது. கூலி எப்போது வரும், ஜரிகை விலை என்னவாகும், அடுத்த பாவு கிடைக்குமா என்று எதற்கும் முடிவு தெரியாத வாழ்வை வாழும் ஒருவருக்கு, நூறு பக்கத்தில் ஒரு சிக்கல் தீர்ந்துவிடும் உலகம் எத்துணை ஆறுதல் தரும்! அவர் வாழ்விலிருந்து ஓடி ஒளியவில்லை. ஒரு மணி நேரம் முதுகை நிமிர்த்திக்கொள்ளவே வந்தார்.

எல்லா நூல்களும் ஒரே தரத்தன என்னும் முடிவுக்குப் பணியாளர் வந்துவிடவில்லை. ஆழமான நூல், மேலோட்டமான நூல் என்னும் வேறுபாடு உண்டு. அதை அறிந்திருப்பதும் நூலகரின் கடமையே. ஆனால், அந்த அறிவைக் கொண்டு வாசகரை எடைபோடக் கூடாது என்பதை உணர்ந்தார். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவைப் பிடித்து இழுப்பதில்லை. ஓட்டத்தை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிக் கண்டு, அங்கிருந்தே முடிபோட்டுத் தொடர்கிறார். வாசகர் நிற்கும் இடத்திலிருந்தே வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்பதை, சிறுவயதில் தந்தையின் தறியருகே நாள்தோறும் கண்ட அக்காட்சி அவருக்கு மீண்டும் நினைவூட்டியது.

கீழ் அடுக்கிலிருந்த புத்தகங்கள், வாயிலுக்கு நேரே உள்ள அடுக்கிற்கு வந்தன.

பேரன் கொண்டுவந்த அட்டை

முதியவரைத் தேடிச் சென்று அழைக்க வேண்டும் என்று பணியாளர் பலமுறை எண்ணினார். போய் என்ன சொல்வது என்னும் கூச்சம் தடுத்தது. ஓராண்டுக்குப் பிறகு, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய உறுப்பினர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அட்டையிலிருந்த பெயர் முதியவருடையது.

"தாத்தாவுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியலக்கா. நான்தான் படிச்சுக் காட்டப்போறேன். ஏதாவது குடுங்க."

பணியாளர் உடனே எழவில்லை. "தாத்தா முன்னாடி யார் கதை படிப்பாராம்? கேட்டிருக்கியா?" என்றார்.

"சங்கர்லாலாம். சின்ன வயசுல வாடகைக்கு எடுத்துப் படிப்பாராம்."

ஓராண்டுக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. பணியாளர் சங்கர்லால் கதைகள் இரண்டையும் வேறு துப்பறியும் கதை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். "தாத்தாகிட்ட, நூலகத்து அக்கா கேட்டாங்கன்னு சொல்லு" என்றார். அடுத்த வாரம் மூன்றும் திரும்பி வந்தன. வேறு மூன்று சென்றன. தறி ஓசை அடங்கிய பிறகு தாத்தாவும், பக்கத்து வீட்டார் இருவரும் திண்ணையில் அமர, பேரன் உரக்கப் படிப்பதாகவும், குற்றவாளி யார் என்று அவர்களுக்குள் பந்தயம் நடப்பதாகவும் செய்தி வந்தது. பள்ளிப் பாடத்தைத் தவிர வேறெதையும் படித்திராத அம்மாணவன், திக்காமல் படிக்கப் பழகியிருந்தான். சில நாள்களில் தனக்கென்றும் ஓர் அட்டை வாங்கிக்கொண்டான்.

ஆண்டுத் தேர்வு முடிந்த ஒரு நாள், அவன் மேசையருகே வந்து நின்றான்.

"தாத்தா பாதியில விட்ட புத்தகம் ஒண்ணு இருக்காமே, தறிக்காரங்களப் பத்தி. அதக் குடுங்கக்கா."

"தாத்தா கேட்டாரா?"

"இல்லக்கா. அவருக்கு வேணாமாம். 'நமக்குத் தெரிஞ்ச கதைதான்டா அது'ன்னு சொன்னாரு. எனக்குத் தெரியாதே."

பணியாளர் 'பஞ்சும் பசியும்' புதினத்தை எடுத்துவந்தார். அதன் சிறப்பைப் பற்றி இம்முறை எதுவும் சொல்லவில்லை. தேதிச் சீட்டில் திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரையிட்டு அவனிடம் கொடுத்தார். முன்பகுதியில் தாத்தா மடித்துவைத்த பக்கத்தின் மூலை இன்னும் நிமிராமலே இருந்தது. நின்றபடியே நூலைப் புரட்டிய மாணவன் அந்த மடிப்பைக் கண்டான். அதை விரல் நகத்தால் நீவி நிமிர்த்திவிட்டு, முதல் பக்கத்திற்குத் திரும்பினான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்று, அதிகம் இரவல் பெறப்படும் நூல்களை அறிந்து, அவற்றை வகைப்படுத்தி வகுப்பில் பேசுக.

2. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் விரும்பிப் படித்த அல்லது கேட்ட கதை எது, அதில் பிடித்தது எது என வினவுக. அவருக்கு ஏற்ற நூல் ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்தமைக்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.

3. நீங்கள் இதுவரை படிக்காத வகையைச் சேர்ந்த நூல் ஒன்றைப் படித்து, கதையோட்டம், கதைமாந்தர், களம், மொழி ஆகிய நான்கு வாயில்களுள் எதன் வழியே அதற்குள் நுழைந்தீர்கள் என விளக்குக.

4. 'கேட்ட நூலைத் தருவதா, நல்ல நூலைத் தருவதா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.